தேதி கேட்காத மீரான் காக்கா

மதியம் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து வைத்திருந்தபோது ராபியாவின் தம்பி போன் செய்தார். “எஸ்தரக்கா, மச்சான் வஃபாத்தாயிட்டாக” என்றார். நான் “எந்த மச்சான்?” என்று கேட்டேன். அவருக்கு எத்தனை மச்சான்கள் இருந்தாலும் எனக்குப் போன் போட்டுச் சொல்லக்கூடிய மச்சான் ஒருவர்தான். அந்த ஒருவர், ராபியாவின் கணவர் மீரான் காக்கா, முந்தின நாள் சாயங்காலம்கூட என் பக்கத்து மேசையில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைத் தலையில் மாட்டிக்கொண்டே அதைத் தேடிக்கொண்டிருந்தார். காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றார் அவர் மைத்துனர்.

சங்கத்துச் செயலாளர் தர்மராஜ் அண்ணாச்சியின் காரில்தான் காயல்பட்டினம் போனோம். ஆறுமுகநேரி தாண்டும்போது அண்ணாச்சி, “என்னளா, அவனுக்கு என்ன வயசு?” என்று கேட்டார். என்னைவிடச் சில மாதம் இளையவர் என்றேன். அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார். மீரான் என்னை ‘தங்கச்சி’ என்றும் நான் அவரை அண்ணன் முறையில் ‘காக்கா’ என்றும் அழைப்பதை இத்தனை வருஷம் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர். அந்தக் கணக்கு எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. சேர்ந்த முதல் நாளே தங்கச்சி என்றார், பிறந்த தேதியைச் சொல்லி நான் மறுத்ததற்கு, “ஊருக்கே நான் காக்கா. உங்களுக்கு மட்டும் தம்பியா இருக்கச் சொல்லுதீங்களா?” என்று கேட்டார். விட்டுவிட்டேன்.

அவர்கள் ஊர் வழக்கப்படி அவர் மனைவி வீட்டில்தான் வாழ்ந்தார். ஆண்கள் ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, உள்ளே பெண்களோடு நான் ராபியாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ராபியாதான் பேசினார். “நேத்துகூட உங்களத் திட்டுனாக. எஸ்தர் ஒரு வரி எழுதுனா அது எதுக்குன்னு பக்கத்துல எழுத மாட்டாங்கன்னு.” அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது எனக்கு. காக்கா வீட்டில்கூட என் புரோகிராமைப் பற்றிப் புகார் சொல்லியிருக்கிறார்.

நம் லாரி உரிமையாளர் சங்கத்தில் அவரை அறியாதவர் கிடையாது. ஆனாலும் புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். துறைமுகத்துக்கு வெளியே இருக்கும் நமது யார்டில் எந்த லாரி அடுத்து லோடு ஏற்றப் போக வேண்டும் என்று காட்டுகிற போர்டு இருக்கிறதே, அதற்குப் பின்னால் இருந்தவர் அவர். வளைகுடாவில் ஒரு சரக்குக் கிட்டங்கிக் கம்பெனியில் டேட்டாபேஸ் வேலை பார்த்துவிட்டு, போதும் என்று ஊருக்கு வந்தவர். கம்ப்யூட்டர் அறையில் நாங்கள் இரண்டே பேர். கணக்கு, பில், கேட் பாஸ் எல்லாம் என் பக்கம். வரிசை அவர் பக்கம்.

பொறுமைசாலி என்று எல்லோரும் அவரைப் புகழ்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தால் தெரியும், அது எவ்வளவு எரிச்சலூட்டும் பொறுமை என்று. எதையும் வாய்விட்டுப் படிப்பார். திரையில் ஓடும் கட்டளைகளை ஒவ்வொரு வரியாக, ஏதோ கடிதம் வாசிப்பதுபோல வாசிப்பார். “காக்கா, மனசுக்குள்ள படிங்க” என்று நான் கத்தாத நாள் குறைவு. யாராவது வந்து ‘சிஸ்டம் பிராப்ளம்’ என்று சொல்லிவிட்டால் மட்டும் அவருக்குக் கோபம் வரும். “சிஸ்டம்னு ஒரு ஆளு நம்ம சங்கத்துல கிடையாது. யாரு செஞ்சது, அதச் சொல்லுங்க” என்பார். பில் கவுன்டரில் இருந்த பெண் ஒருத்தி இதைக் கேட்டு ஒருமுறை அழுதே விட்டாள். மறுநாள் அவளுக்கென்று வீட்டிலிருந்து ஒரு தூக்குவாளி நிறைய நோன்புக் கஞ்சி கொண்டுவந்தார். அவள் குடித்து முடிக்கும்வரை எங்களுக்கு ஒரு வாய் கிடைக்கவில்லை.

அவரைப் பற்றி நான் சொல்ல வந்தது டேட்டாபேஸைப் புதிய பதிப்புக்கு மாற்றிய விஷயம். உங்களில் பாதிப் பேர் அன்று யார்டில் நின்று எங்களைத் திட்டியவர்கள்தான். என்ன நடந்தது என்று இன்றுவரை உங்களுக்கு முழுதாகத் தெரியாது.

நம் யார்டில் ஒரு வழக்கம் உண்டு. வரிசையில் நிற்கும் வண்டியை எடுத்துக்கொண்டு ஒருவன் வெளியே போனால் அவன் இடம் போயிற்று, திரும்பி வந்தால் கடைசியில்தான் நிற்க வேண்டும். வீட்டில் சாவு என்று போகிறவனுக்கு மட்டும் இடம் அப்படியே இருக்கும். எப்போது வருவாய் என்று கேட்பதில்லை. ஆனால் கம்ப்யூட்டர் வந்தபோது அது தேதி கேட்டது. திரும்பும் தேதி என்ற கட்டத்தை நிரப்பாமல் அடுத்ததுக்குப் போக விடவில்லை. அதனால் கேட்டில் இருந்தவர்கள் அந்தக் கட்டத்தில் நாள், மாதம், வருஷம் எல்லாவற்றுக்கும் பூஜ்யம் அடித்தார்கள். அந்தப் பூஜ்யம் எந்தத் தேதியையும்விடச் சிறியது என்பதால், போனவன் எப்போது திரும்பினாலும் போர்டு அவனைத் தானாக முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது. யார்டில் அதற்கு ஒரு பேச்சே உண்டாகிவிட்டது. “அவன் சைபர்ல இருக்கான்” என்றால் துக்க வீட்டில் இருக்கிறான் என்று பொருள். நான் நாசரேத்துக்காரி, பள்ளிக்கூடங்களுக்குப் பேர்போன ஊர், முதலில் இதைக் கேட்டபோது யாரோ பரீட்சையில் முட்டை வாங்கிவிட்டான் என்று நினைத்தேன்.

பழைய பதிப்புக்கு இனிமேல் ஆதரவு கிடையாது என்று சென்னைக் கம்பெனி சொல்லிவிட்டதால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, லோடு இல்லாத நாளாகப் பார்த்து, எல்லாவற்றையும் புதிய பதிப்புக்கு மாற்றினோம். டேட்டாபேஸுக்குள்ளேயே எழுதி வைத்திருக்கும் கட்டளைத் தொகுப்புகளை ஸ்டோர்டு ப்ரொசீஜர் என்போம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும், அதுவே எல்லா வேலையையும் முடித்துத் தரும். வரிசையைக் கட்டுவது அப்படி ஒரு ப்ரொசீஜர்தான். அவற்றையும் புதியதில் மறுபடி உருவாக்கினோம். திங்கட்கிழமை காலை போர்டு கறுப்பாக நின்றது.

முதல் பிழை சின்னது. எங்கள் அட்டவணையில் ‘ரேங்க்’ என்று ஒரு பத்திக்குப் பெயர் வைத்திருந்தோம். புதிய பதிப்பு அந்தச் சொல்லைத் தன் சொந்த வேலைக்கென்று எடுத்துக்கொண்டுவிட்டது. “நம்ம வீட்டு நாற்காலியில விருந்தாளி உக்காந்துட்டாரு. நாமதான் நகரணும்” என்று சிரித்துக்கொண்டே பெயரை மாற்றினார் காக்கா. உடனே இரண்டாவது பிழை வந்தது. தேதி தவறு என்றது. எந்தத் தேதி என்று பார்த்தால், அந்தப் பூஜ்யங்கள். பழைய பதிப்பு கண்டும் காணாமல் விட்டதைப் புதியது ஏற்க மாட்டேன் என்றது. பூஜ்யம் மாதமும் பூஜ்யம் நாளும் எந்தக் காலண்டரில் இருக்கிறது என்று அது கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் பக்கம் நியாயம் இருக்கிறது.

சென்னைக் கம்பெனிப் பையன் போனில், தேதியைச் சரிபார்க்கும் கண்டிப்பை அணைத்துவிடுங்கள், ஒரு வரிதான், எல்லாம் பழையபடி ஓடும் என்றான். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. வெளியே லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. என் கையில் விட்டிருந்தால் நான் அதைத்தான் செய்திருப்பேன். காக்கா மறுத்துவிட்டார். “அத அணைச்சா சைபர் மட்டுமா உள்ள வரும்? மாசி மாசம் முப்பத்தஞ்சாம் தேதின்னு எவனாவது அடிச்சாலும் வாங்கிக்கிடும். வேண்டாம் தங்கச்சி.”

அதற்குள் தர்மராஜ் அண்ணாச்சி அறைக்குள் வந்துவிட்டார். அவர் உடன்குடிப் பக்கத்துக்காரர். கருப்பட்டி வியாபாரத்தில் தொடங்கி லாரிக்கு வந்தவர், எதையும் எடை போட்டுப் பார்க்கிற ஆள். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். “கம்ப்யூட்டரே தேதி கேக்குதுல்லா? நல்லதாப் போச்சு. பதினாறு நாள்னு போடு. கருமாதி முடிஞ்சா வரணும். வரலேன்னா கடைசியில நிக்கட்டும்” என்றார். சிலபேர் துக்கத்தைச் சாக்காக வைத்து இடத்தைப் பிடித்துக்கொண்டு ஊரில் இருந்துவிடுகிறார்கள் என்பது அவருடைய பழைய வருத்தம்.

வாசலில் நின்றவர்கள் காதில் இது விழுந்ததும் சண்டை தொடங்கியது. “எங்களுக்கு முப்பதாம் நாள் பூசை இருக்கு, பதினாறுல எப்படி வாரது?” என்றார் ஒருவர். “எங்க ஆளுகள்ல கொள்ளி வச்சவன் ஒரு வருஷத்துக்கு மலைக் கோயில்கூட ஏற மாட்டான், அவன் என்ன செய்ய?” என்றார் இன்னொருவர். “எங்கள்ள மூணு நாளுக்கு மேல துக்கமே கிடையாது, அப்ப நாங்க மட்டும் நாலாம் நாள் ஓடி வரணுமா?” என்று காயல்பட்டினத்து ஓனர் ஒருவர் கேட்டார். பேச்சு எங்கெங்கோ போயிற்று. காக்கா நாற்காலியைத் திருப்பி எல்லோரையும் பார்த்து உட்கார்ந்து, கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் சொன்னார்: “அண்ணாச்சி, எந்த நம்பரைப் போட்டாலும் ஒருத்தனுக்கு அது பொய்யாப் போயிரும். சைபர் போட்டதும் பொய்தான், அது நாம சொன்ன பொய். தெரியாததுக்குத் தெரியாதுன்னு எழுத ஒரு வழி இருக்கு. அந்தக் கட்டத்தக் காலியா விட்டுரலாம்.”

காலிக்கும் பூஜ்யத்துக்கும் என்ன வித்தியாசம் என்று அண்ணாச்சி கேட்டார். காக்கா தன் டீ கிளாஸைக் காட்டினார். “இதுல டீ இல்ல. அது சைபர். கிளாஸே இன்னும் வரல, டீ இருக்கா இல்லையான்னு தெரியாது. அது காலி.” அண்ணாச்சிக்குப் புரியவில்லை, ஆனால் போர்டு ஓடினால் போதும் என்று போய்விட்டார். கட்டத்தைக் காலியாக விடலாம் என்று மாற்றி, பழைய பூஜ்யங்களை எல்லாம் அழித்தோம். மதியத்துக்குள் போர்டு எரிந்தது. பிழை எதுவும் வரவில்லை. நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அவருக்கு நிம்மதி வரவில்லை. எதையாவது மாற்றினால், அதற்குப் பிறகு பல நாள் சாயங்காலம் குடையை எடுத்துக்கொண்டு யார்டை ஒரு சுற்று சுற்றுவார். ஒவ்வொரு லாரியின் நம்பர் பிளேட்டையும் பார்த்து, போர்டில் இருக்கிறதா என்று ஒப்பிடுவார். உப்பளக் காற்றும் கரித்தூளுமாக அந்த வெயிலில் அலைவதைப் பார்த்து டிரைவர்கள் கேலி செய்வார்கள். “ஏலே, காக்கா பொண்ணு பாக்க வாராரு, வண்டியத் தொடச்சு வை.” நானும் கேட்டிருக்கிறேன், திரையிலேயே எண்ணலாமே என்று. “திரையில தெரியுறது வண்டி இல்ல தங்கச்சி. அங்கன நிக்கிறதுதான் வண்டி” என்பார்.

அந்த வாரத்தில் ஒரு நாள் குடையோடு போனவர் வேகமாகத் திரும்பி வந்தார். மதிலோரம் நிற்கும் ஒரு லாரி போர்டில் இல்லை. சூசையின் வண்டி.

சூசையை உங்களுக்குத் தெரியும். கடலோரத்துக் குடும்பம், சொந்தமாக ஒரே லாரி, அவரே டிரைவர். அவர் மனைவி ரோஸ்லின் இறந்து போயிருந்தார். சூசைதான் அப்போது சைபரில் இருந்தவர், அதாவது நாங்கள் காலியாக்கியவர். கேட்டில் விசாரித்தோம். “காலம்பறவே வந்துட்டான் காக்கா. உள்ள விட்டு என்ட்ரி போட்டேன். போர்டையே பாத்துக்கிட்டு நின்னான். நின்னான், நின்னான். பெறவு சாவிய என் கையில குடுத்து, வண்டிய யாராச்சும் வெலைக்குக் கேட்டா காட்டுங்கன்னுட்டுப் போயிட்டான்” என்றார் கேட்காரர்.

காக்கா திரையைப் பார்த்த உடனே கண்டுபிடித்துவிட்டார். காலிக் கட்டத்தைப் போய் ‘இந்தத் தேதி இன்றைக்கு முன்னாலா?’ என்று கேட்டால், டேட்டாபேஸ் ஆமாம் என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது. தெரியாது என்று சொல்லும். எங்கள் ப்ரொசீஜர் ஆமாம் என்று வந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டது. சூசை வரிசையிலிருந்து விழுந்துவிட்டார். பிழை என்று ஒரு எழுத்தும் திரையில் வரவில்லை. திங்கட்கிழமை சரிபார்த்தபோது துக்கத்தில் இருந்த யாரும் யார்டுக்குத் திரும்பியிருக்கவில்லை, அதனால் எங்கள் கண்ணில் படவில்லை. “கத்துற பிழை நல்ல பிழை தங்கச்சி. இது வாயத் திறக்காம ஒரு மனுஷன வெளிய தள்ளிட்டுதே” என்றார். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. ஒரு வரியைச் சேர்த்தால் போர்டு சரியாகிவிடும், அதை நான் செய்கிறேன் என்றேன். “செய்யுங்க. நான் ஆளப் போய்ப் பாக்குறேன்” என்றார். வரியைச் சேர்த்துவிட்டு நானும் அவரோடு ஆட்டோவில் ஏறினேன்.

திரேஸ்புரத்தில் சூசை வீட்டு வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார். எழுந்த விதத்திலேயே எனக்கு மனசு கேட்கவில்லை. அவ்வளவு மெலிந்து போயிருந்தார்.

“யார்டுக்கு வந்துட்டு ஏன் அண்ணே திரும்பிட்டீங்க?” என்று கேட்டார் காக்கா.

“போர்டுல இல்லாதவன் யார்டுல நின்னு என்ன செய்ய காக்கா? ரொம்ப நாளு இருந்துட்டேன். எடுத்துட்டாவன்னு நினைச்சேன். தப்பில்ல.”

“ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே.”

“பொண்டாட்டி செத்ததக் காரணமாச் சொல்லி எடம் கேக்கச் சொல்லுதீங்களா?” சூசை நாற்காலியைக் காக்கா பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னார், “மச்சான்கிட்ட சொல்லிட்டேன். திங்கக்கிழமையிலேர்ந்து அவன் வல்லத்துல கடலுக்குப் போறேன்.”

உள்ளேயிருந்து அவர் தங்கை வெளியே வந்துவிட்டார். “நீங்களாவது சொல்லுங்க. மதினியோட அப்பா கடல்ல போயித்தான் திரும்பல. இவரு கடலுக்குப் போவக்கூடாதுன்னுதான் மதினி கையில கெடந்ததெல்லாம் வித்து லாரி எடுத்துக் குடுத்தா. இப்பம் அவ போன கையோட இவரு வல்லத்துல ஏறுதேங்காரு” என்று அழுதார்.

காக்கா அப்படியே வாசல் திண்டில் உட்கார்ந்துவிட்டார். நான் டேட்டாபேஸை விளக்கத் தொடங்குவார் என்று நினைத்தேன். அவர் ஒன்றும் விளக்கவில்லை. “அண்ணே, உங்கள யாரும் எடுக்கல. அந்தப் போர்ட எழுதுறது நான். உங்கள விட்டது நான். ஒங்க எடம் அங்கனயே இருக்கு” என்றார். சூசை அவர் முகத்தைப் பார்த்தார். அதன் பிறகு காக்கா, “அவங்களுக்கு என்ன செஞ்சுது?” என்று கேட்டார். சூசை சொல்ல ஆரம்பித்தார். காய்ச்சல் வந்தது, ஆஸ்பத்திரி மாற்றியது, கடைசியில் ரோஸ்லின் கேட்ட இளநீர், எல்லாம். சங்கத்திலிருந்து அதுவரை ஒருவரும் அதைக் கேட்டிருக்கவில்லை. சொல்லி முடித்ததும் அவரே, “சட்ட மாத்திட்டு வாரேன்” என்று உள்ளே போனார்.

யார்டில் அன்றைக்கான லோடு போய்விட்டது. மறுநாள் முதல் லோடு சூசைக்கு வர வேண்டும், அந்த இடத்தில் அண்ணாச்சியின் சொந்த வண்டி நின்றது. காக்கா எல்லோர் முன்னாலும், விட்டுப்போனது தன்னால்தான் என்று சொன்னார். அண்ணாச்சி விடவில்லை. “இதுக்குத்தாம்லே தேதி போடச் சொன்னேன். தேதி இருந்தா அவன் காணாமப் போயிருப்பானா?” என்றார். “போயிருக்க மாட்டாரு அண்ணாச்சி, அது வாஸ்தவம். கடைசியில போய் நின்னிருப்பாரு” என்றார் காக்கா. அண்ணாச்சி சூசையைப் பார்த்தார். சூசை தலையைக் குனிந்துகொண்டு தன் வண்டி டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். “சரி, என் வண்டி பெறவு போட்டும். ஆனா தேதி விஷயத்த நான் விடல, பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி காரில் ஏறிப் போய்விட்டார். சூசை மறுநாள் லோடு ஏற்றினார். அவர் இன்றும் லாரிதான் ஓட்டுகிறார், வல்லத்தில் ஏறவில்லை.

அடுத்த நாட்களில் காக்கா ஒரு ப்ரொசீஜர் விடாமல் வாய்விட்டுப் படித்தார். தேதி வருகிற இடத்திலெல்லாம் நிறுத்தி, “இது காலியா இருந்தா யாரு விழுவா?” என்று என்னைக் கேட்டார். ஒவ்வொரு இடத்திலும் பதில் ஒரு மனிதனாக இருந்தது. பில் கணக்கில் ஒருவர், கேட் பாஸில் ஒருவர். அந்த வாரம் முழுதும் அவரை மனசுக்குள் படிக்கச் சொல்லி நான் ஒருமுறையும் கத்தவில்லை. போர்டின் அடிப்பகுதியில் இன்று நீங்கள் பார்க்கிற தனி வரிசை அப்போது வந்ததுதான். துக்கத்தில் இருப்பவர்களின் வண்டி நம்பரும் பெயரும் அதில் நிற்கும், தேதி இருக்காது. யாரும் காணாமல் போகக் கூடாது என்றுதான் அதைப் போட்டார். ஆனால் அதைப் பார்த்துவிட்டு டிரைவர்கள் சாவு வீட்டுக்குப் போய்வரத் தொடங்கினார்கள். அதை அவர் திட்டம் போட்டுச் செய்யவில்லை. நானே ஒருமுறை, நல்ல யோசனை காக்கா என்றபோது, “யோசனையெல்லாம் இல்ல, எடம் இருந்துச்சு, போட்டேன்” என்றார்.

காக்கா இறந்த மறுவாரம் ஒரு கம்பெனியிலிருந்து வந்தார்கள். வரிசை முழுவதையும் செல்போனுக்குக் கொண்டுவரும் புதிய செயலியைக் காட்ட வந்திருந்தார்கள். முன்பே முடிவான கூட்டம், தள்ளி வைக்க எனக்குத் தோன்றவில்லை. காக்கா இருந்திருந்தால் கேள்வி கேட்டுக் கொன்றிருப்பார் என்று நினைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தேன். விளக்கிய பெண் கெட்டிக்காரி. விடுப்புப் பகுதி வந்தது. காரணம் என்ற இடத்தில் ‘மரணம்’ என்பதைத் தொட்டாள். திரும்பும் தேதி என்ற கட்டம் வந்தது. பக்கத்தில் சிவப்புப் புள்ளி, நிரப்பியே ஆக வேண்டும் என்பதற்கு. “அதிகபட்சம் எத்தனை நாள்னு வைக்கட்டும் சார்?” என்று கேட்டாள். நான் எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் எழவில்லை.

அண்ணாச்சி எழுந்தார். இத்தனை வருஷமாக, ஒவ்வொரு பொதுக்குழுவிலும் பதினாறு, பதினாறு என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர். இப்போது மறுத்துப் பேச ஆளும் இல்லை.

“அந்தச் செவப்புப் புள்ளிய எடுத்துரும்மா” என்றார் அண்ணாச்சி.

“அப்ப லிமிட் சார்?”

“கெடையாது. போனவனுக்கே தெரியாது எப்பம் வருவோம்னு. நமக்கு எப்படித் தெரியும்? அது காலியாத்தான் இருக்கணும்.” உட்காரப் போனவர் மறுபடி நிமிர்ந்தார். “காலியா இருந்தா ஆளு காணாமப் போயிருவான், அதையும் பாத்துக்கோ. பின்னால ஒரு அம்மா இருக்காவ பாரு, அவங்ககிட்ட கேளு.”

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அந்தப் பெண் பேனாவோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். காலிக் கட்டத்திடம் எப்படிக் கேட்க வேண்டும், யார் யார் விழுவார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். பாதியில்தான் கவனித்தேன், நான் வாய்விட்டு வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

உங்களில் பலர் என்னைப் பார்க்கும்போது கேட்கிறீர்கள், ஏன் இப்படி இருக்கிறாய், கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்கிறீர்கள். அன்பில் கேட்கிறீர்கள், எனக்குத் தெரியும். அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. தெரியாத இடத்தில் எதையாவது போட்டு நிரப்பக் கூடாது. நேற்று என் கணவர் அடுப்படியில் வந்து நின்று, “எப்பம்தான் எஸ்தர் பழையபடி ஆவே?” என்று கேட்டார். தெரியாது என்றேன். அவர் வேறொன்றும் கேட்காமல் பக்கத்தில் நின்று வெங்காயம் உரித்தார்.